ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் யாருக்குச் சொந்தம்?

ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டால் தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர் விரும்பிய கழகத்துக்குப் போகலாம் என்றுதானே நாம் நினைப்போம்? 1995 வரை ஐரோப்பாவின் பல நாடுகளில் நிலைமை அப்படி இருக்கவில்லை. அவரை ஏற்கும் கழகம், பழைய கழகத்துக்கு மாற்றுத் தொகை கட்டியாக வேண்டும்.

பெல்ஜியத்தைச் சேர்ந்த ழான் மார்க் போஸ்மன், லியேஜ் கழகத்தில் மாதம் 1,20,000 பிராங்க் பெற்று வந்தவர். 1990 ஜூனில் ஒப்பந்தம் முடியும் தறுவாயில் கழகம் தர முன்வந்த புதிய ஊதியம் 30,000 பிராங்க். அவர் மறுத்தார். உடனே அவருக்கு விலை குறித்தார்கள்: 1,17,43,000 பிராங்க்! கூலியைக் குறைத்து விலையை ஏற்றும் இந்தக் கணக்கு, கூலிக் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த எனக்கு எளிதில் விளங்கியது. பிரான்சின் டன்கிர்க் கழகம் அவரை ஏற்க முன்வந்தது. அதனால் பணம் கட்ட முடியுமா என்று ஐயுற்ற லியேஜ், மாற்றுச் சான்றிதழுக்கு ஏற்பாடு செய்யவில்லை. போஸ்மன் நீதிமன்றப் படியேறினார். 1995 டிசம்பர் 15-இல் லக்ஸம்பர்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனான ஆட்டக்காரர், ஒப்பந்தம் முடிந்தபின் வேறோர் உறுப்பு நாட்டுக் கழகத்தில் சேரத் தொகை கேட்கக்கூடாது. அப்போது அவருக்கு வயது 31. ஆடும் காலம் ஏறக்குறைய முடிந்திருந்தது.

இத்துடன் சச்சரவுகள் ஒழிந்தனவா? இல்லை, இடம் மாறின. முன்பு ஒப்பந்தம் முடிந்தபின் மூண்ட சண்டை, இப்போது முடியுமுன்பே மூள்கிறது. கடைசி 6 மாதங்களில் ஆட்டக்காரர் வேறு கழகத்துடன் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஆகவே கடைசி ஆண்டு நெருங்கியதும், காலத்தை நீட்டிக்கச் சொல்லிக் கழகம் நெருக்கும். அல்லது கையில் இருக்கும்போதே விற்கப் பார்க்கும். ஆட்டக்காரரோ காத்திருந்தால் போதும். 1999-இல் ஸ்டீவ் மெக்மனமன் ரியல் மாட்ரிட்டுக்குச் சென்றபோது லிவர்பூலுக்கு ஒரு காசும் மாற்றுத் தொகையாகக் கிடைக்கவில்லை.

நடுவில் முறிந்தால் என்ன ஆகும்? 2014-இல் லசானா தியாராவின் ஒப்பந்தத்தை மாஸ்கோவின் லோகோமோட்டிவ் கழகம் முறித்து, குற்றம் அவர் மீதே என்று ஈடு கேட்டது. அவரைச் சேர்க்க விரும்பிய பெல்ஜியத்தின் சார்லெராய் கழகம், அந்த ஈட்டுக்குத் தானும் பொறுப்பாகுமோ என அஞ்சி உறுதிமொழி கேட்டது, கிடைக்காததால் விலகியது. 1 கோடியே 5 லட்சம் யூரோ கட்டும்படி ஃபிஃபா தியாராவுக்கு ஆணையிட்டது. 2024 அக்டோபர் 4-இல் அதே ஐரோப்பிய நீதிமன்றம், இத்தகைய விதிகள் ஒன்றியச் சட்டத்துக்கு முரணானவை என்றது. ஈடு கேட்பதையே அது தடுக்கவில்லை. ஈட்டை அளக்கும் முறையையும், புதிய கழகத்தின் தலையிலும் அதைத் தானாகவே சுமத்துவதையும்தான் குறை கூறியது.