உஷ்! உள்ளே கட்டுவேலை நடக்கிறது

செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள். குசினிக் கதவைத் தள்ள வேண்டாம், கிறீச்சென்று கத்தும். யன்னல் திரையின் இந்த ஓரத்தை ஒரு விரலால் விலக்கினால் போதும். தெரிகிறதா? உடுப்புக் காயப்போடும் கம்பியின் நுனியில் தும்பும் சருகும் சிக்கித் தொங்குவது போல ஒன்று? அதுதான் வீடு! ஹெந்தளை வீதி பஸ்களின் ஹோன் சத்தத்துக்கு நடுவே, வத்தளையில் எங்கள் பின்முற்றத்தில், ஒரு தேன்சிட்டு ஒரு வாரமாகக் கூடு கட்டுகிறது!

இதோ, வந்துவிட்டாள்! மேசனும் அவள்தான், கையாளும் அவள்தான். ஆண் கறிவேப்பிலைக் கிளையில் நின்று கீச்சிடுகிறார். மஞ்சள் வயிறு, அரக்குச் சிவப்பு முதுகு, வெயில் பட்டால் உச்சந்தலையில் பச்சை மினுக்கம். ஊதாப்பிட்டத் தேன்சிட்டு என்பது புத்தகப் பெயர். எதிர்வீட்டுச் சிங்களப் பிள்ளைகளுக்கு ‘சூட்டிக்கா’. நீளம் 10 சென்டிமீட்டர், நிறை 10 கிராமுக்கும் குறைவு. அதற்குள் இத்தனை அவசரம், இத்தனை அழகு!

கனடாவிலிருந்து வந்த மருமகள் இதை ஹம்மிங் பேர்ட் என்று துள்ளினாள். அந்தக் குலம் அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கும் இல்லை. அது அந்தரத்தில் நின்றே தேன் குடிக்கும். எங்கள் ஆள் பெரும்பாலும் காம்பைப் பற்றிக்கொண்டு குடிப்பாள். செவ்வரத்தைப் பூவின் அடியில் சொண்டால் துளையிட்டு உறிஞ்சும் குறுக்குவழியும் தெரியும்!

செவ்வரத்தைக்கு நீளச் சொண்டுள்ள கறுத்த உறவுக்காரர் ஒருவரும் வருகிறார். அவருடைய அறிவியல் பெயரில் லோட்டன் இருக்கிறார், 1752 முதல் 1757 வரை இலங்கையின் ஒல்லாந்த ஆளுநர். டி பெவரே என்ற ஓவியரைக் கொண்டு இந்நாட்டுப் பறவைகளை வரைவித்தவர். ஆட்சிப் பொறுப்புக்கு நடுவிலும் பறவை பார்த்த அந்த மனிதரை எனக்கு நிரம்பப் பிடிக்கும்.

இப்போது அவள் சொண்டைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறதே? ஒட்டடை! எங்கள் கூரை மூலையிலிருந்து இழுத்து வந்த சிலந்தி நூல். அதைத் தும்பின் மேல் சுற்றுகிறாள், ஒட்டுகிறாள், உள்ளே புகுந்து நெஞ்சால் அழுத்தி வளைவு எடுக்கிறாள். பக்கவாட்டில் வாசல், அதன்மேல் மழை புகாமல் ஒரு சின்னத் தாழ்வாரம். வெளிப்பூச்சுக்கு மரப்பட்டைச் சீவல், சிலந்தி முட்டைப் பொதி, கம்பளிப்பூச்சியின் எச்சம்கூட!

பாகவதத்தில் அவதூதர் தம் 24 குருமாரில் சிலந்தியையும் சேர்க்கிறார். தன்னிலிருந்தே நூலை எடுத்துத் தன்னுள்ளேயே விழுங்கிக்கொள்வதால் அது இறைவனுக்கு உவமை. என் மனமோ தேன்சிட்டின் பக்கம்தான் சாய்கிறது. இவளுக்குச் சொந்தமாக ஒரு முழ நூல் கிடையாது. எல்லாம் இரவல். இரவல் நூலில் பிள்ளைகளைத் தொங்கவிட எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அன்ரி, பறவைகளைக் கவனிக்கச் சொன்னவர் யேசுவே என்று மத்தேயு நற்செய்தியை நினைவூட்டினார். கொஞ்ச நேரம் இருவரும் பேசாமல் நின்றோம். கண்ணை மூடித் தியானித்தால் ஓடுகிற என் மனம் இங்கே கண்ணைத் திறந்தபடி அடங்குகிறது. அசைந்தால் அவள் போய்விடுவாளே!

இனி இரண்டு முட்டை. அடைகாப்பது ஏறத்தாழ இரண்டு வாரம். குஞ்சு பொரித்ததும் தீன் கொடுக்கக் கறிவேப்பிலைக் கிளைக்காரரும் வருவார்.

பொங்கலுக்கோ நத்தாருக்கோ வீடு தூசு தட்டும்போது, தொங்குவது எதுவானாலும் தும்புத்தடியை ஓங்குமுன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். வெளிக்கூரை மூலையில் கொஞ்சம் ஒட்டடையும் விட்டுவையுங்கள்.