பழைய யந்திரமும் புதிய உறையும்

சிலிண்டர் பிளாக்கைச் சாக்குத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குள் நுழைகிறவரிடம், அனுபவம் முதிர்ந்த பட்டறைக்காரர் முதலில் கேட்பது வண்டி எந்த வருஷத்தது என்றோ, எத்தனை மைல் ஓடியது என்றோ அன்று, “பிஸ்டன் கொண்டாந்திருக்கீங்களா, சார்?” என்றுதான் கேட்பார். பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்கு மறு ஜென்மம் அளிக்கும் வித்தையில் பாதி அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அதன் காரணத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும்.

நமக்கு நன்கு பரிச்சயமான புல்லட்டையே உதாரணமாகக் கொள்வோம். 1955-ஆம் ஆண்டில் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனம், இங்கிலாந்தில் ரெட்டிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்து, திருவொற்றியூரில் அந்த வண்டியைத் தயாரிக்கலாயிற்று. அதன் 350 எஞ்சினில் சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 சி.சி. எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது, உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்தப் பிஸ்டன் ஒவ்வொரு விநாடியும் 50 முறை ஏறி 50 முறை இறங்கி, 9 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடுகிறது. இரும்புச் சுவருக்கும் பிஸ்டன் வளையங்களுக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றைத் தவிர வேறு ரக்ஷணை எதுவும் கிடையாது.

அப்படலம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நிலைத்து நிற்பதில்லை. பிஸ்டன் உச்சியை அடைந்து ஒரு கணம் நின்று திரும்பும் இடத்தில், வேகம் பூஜ்யமாகி எண்ணெய் விலகிப்போகிற அதே தருணத்தில், எரியும் வாயுவின் அழுத்தம் மேல் வளையத்தின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு வைத்து நெருக்குகிறது. உஷ்ணமும் அங்கேதான் அதிகம். ஆகவே சிலிண்டர் மேற்பகுதியில் அதிகமாகவும் அடிப்பகுதியில் குறைவாகவும் தேய்கிறது. அன்றியும், கனெக்டிங் ராடு சாய்ந்து நின்றே தள்ளுவதால், பிஸ்டன் ஒரு பக்கத்துச் சுவரின்மீது மற்றதைவிட வலுவாகச் சாய்கிறது. வட்டமாகப் பிறந்த துளை, நாளடைவில் மேலே அகன்றும் ஒரு பக்கம் நீண்டும் முட்டை வடிவத்தை அடைகிறது. ஹெட்டைக் கழற்றிச் சுவரின் மேல் விளிம்பருகே நகத்தால் தடவிப் பார்த்தால், வளையம் எட்டாத இடத்தில் தேயாமல் நின்ற ஒரு சிறு படி நகத்தில் தட்டும். அந்தப் படியின் உயரமே எஞ்சினின் வயதைச் சொல்லிவிடும்.

எனினும் நகத்தை மட்டும் நம்பி முடிவு செய்தல் ஆகாது. துளையை மேல், நடு, அடி என்று மூன்று உயரங்களிலும், ஒவ்வோர் உயரத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரு திசைகளிலும் போர் கேஜ் கொண்டு அளந்து குறித்துக்கொள்வதுதான் முறை. சைலன்ஸரில் நீலப் புகை வந்தவுடனே “ரிங் போச்சு” என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. வால்வு கைடு தேய்ந்தாலும் அதே புகைதான் வரும். பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடியும் கம்ப்ரெஷனைச் சோதிக்கும்போது அழுத்தம் உயர்ந்தால் குற்றம் சிலிண்டரிலும் வளையத்திலும் உள்ளது. உயராவிடில் வால்வுப் பக்கம் பார்க்க வேண்டும். இத்தனை எளிய பரீட்சையைச் செய்யாமல், நல்ல சிலிண்டரை வீணாகக் கடைந்து கெடுத்த வண்டிகளைப் பார்த்து நான் உண்மையாகவே வருந்தியிருக்கிறேன்.

தேய்மானம் உறுதியான பின், முதலில் செய்வது துளையைச் சற்றே பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனைப் பொருத்துவது. அரை மில்லிமீட்டர், பிறகு ஒரு மில்லிமீட்டர் எனச் சில படிகள் வரையே இவ்வழி செல்லும். அதற்கு மேல் பிஸ்டனும் கிடைக்காது, சுவரும் இடம் கொடுக்காது. அந்நிலையில்தான் லைனர், அல்லது பட்டறை வழக்கில் ஸ்லீவ், வருகிறது: துளையை நன்றாகப் பெரிதாக்கி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள வார்ப்பிரும்புக் குழாய் ஒன்றை உள்ளே இறுக்கமாக இறக்கி, அதன் உட்புறத்தை ஆதி அளவுக்கே கடைந்துவிடுவது. வார்ப்பிரும்பைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் மலிவு மட்டுமன்று. அவ்விரும்புக்குள் கிராஃபைட் ஏடு ஏடாகப் பரவியிருப்பதால் அது தானே ஓரளவு வழுக்கும் தன்மை வாய்ந்தது. எண்ணெயையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சுழலும் அச்சில் உருகிய இரும்பை ஊற்றி வார்த்த லைனர்களில் உலோகம் நெருக்கமாகவும் ஒரே சீராகவும் அமைகிறது.

இனி, லைனரை உள்ளே இறக்குவது. அலுமினிய பிளாக்குக்குள் இரும்பு லைனர் என்பது யமஹா ஆர்எக்ஸ் 100 முதலிய பல வண்டிகளின் அமைப்பு. இங்கே இரு உலோகங்களின் சுபாவம் வேறு வேறு. அதே வெப்பத்துக்கு அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிகிறது. 70 மில்லிமீட்டர் விட்டத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தால், 100 பாகை உஷ்ணம் ஏறும்போது அலுமினியத் துளை சுமார் 0.16 மில்லிமீட்டர் அகல, இரும்புக் குழாயோ சுமார் 0.08 மில்லிமீட்டர்தான் பெருக்கிறது. குளிர்ந்த நிலையில் இறுகப் பிடித்த லைனர், எஞ்சின் சூடேறியதும் தளர்ந்துபோகும் அபாயம் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது. ஆதலால் லைனரின் வெளிவிட்டத்தைத் துளையைவிட மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு பெரிதாகவே வைக்கிறார்கள். பெரியதைச் சிறியதற்குள் நுழைப்பது எப்படியென்றால், எந்த உஷ்ணம் ஆபத்தை உண்டாக்குமோ அதையே உபாயமாகக் கொள்வதுதான். பிளாக்கை அடுப்பில் வைத்து 200 பாகை வரை ஒரே சீராகச் சூடேற்றினால், அதே விட்டத்துத் துளை கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகவே விரியும். குளிர்ப்பெட்டியில் கிடந்த லைனரை எடுத்து நேராகப் பிடித்து விட்டால், சுத்தியலின் உதவியின்றித் தன் பாரத்தாலேயே இறங்கி அமர்ந்துவிடும். ஆனால் உஷ்ணம் லைனருக்குத் தாவுவதற்குச் சில விநாடிகளே பிடிக்கும். அதற்குள் கை நடுங்கி அது கோணலாக நின்றுவிட்டால், பாதி வழியில் பிடித்துக்கொள்ளும். பிறகு அதைக் கடைந்தெடுத்து எறிய வேண்டியதுதான். பட்டறையில் அந்தச் சில விநாடிகள் ஒருவரும் பேசுவதில்லை.

காற்றால் குளிரும் எஞ்சினில் இன்னொரு விஷயமும் உண்டு. லைனருக்கும் பிளாக்குக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத சந்து இருந்தாலும், அங்கே அடைபட்ட காற்று வெப்பத்தை வெளியே விடாது. அவ்விடத்தில் லைனர் தனியே சூடேறிக் கோணும். எனவே வெளித்துளையை வழவழப்பாகவும் வட்டமாகவும் கடைவது உள்துளையைக் கடைவதற்குச் சற்றும் இளைத்த வேலையன்று. புல்லட்டின் பழைய பிளாக்கோ முழுவதும் வார்ப்பிரும்பு. இரண்டும் ஒரே இனமாதலால் தளரும் பயம் குறைவு. ஆனால் கிராங்க் கேஸுக்குள் இறங்கி நிற்கும் அதன் அடிக்கழுத்தின் சுவர் கடைசலில் மெலிந்துவிடும். லைனரின் கனத்தை நிச்சயிக்குமுன் அதை அளந்து பார்ப்பது அவசியம். டூ ஸ்ட்ரோக் வண்டிகளிலோ லைனரின் ஜன்னல்கள் பிளாக்கின் வாயில்களோடு மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும்; அவற்றின் ஓரங்களை மழுக்காமல் விட்டால், வளையம் அங்கே மாட்டி முறிந்து எஞ்சினையே பாழாக்கிவிடும்.

இப்போது பட்டறைக்காரரின் கேள்விக்குத் திரும்பலாம். பெட்டியில் 70 என்று அச்சிட்டிருந்தாலும், ஒரு பிஸ்டனும் மற்றொன்றும் சூக்ஷ்ம அளவில் ஒன்றாக இருப்பதில்லை. பிஸ்டன் சுவரிடமிருந்து விலகி நிற்க வேண்டிய இடைவெளியோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கும் சங்கதி. குறைந்தால் சூட்டில் பிஸ்டன் பருத்து ஜாம் ஆகும். கூடினால் ஒவ்வொரு காலையிலும் எஞ்சின் சூடேறும் வரை டக் டக் என்று அடிக்கும். பொருத்தப்போகும் அதே பிஸ்டனைக் கையில் வைத்து, மைக்ரோமீட்டரால் அளந்து, அதற்கென்றே துளையைக் கடைவதுதான் தர்மம். கடைசிச் சில நூற்றிலொரு பங்குகளை ஹோனிங் கற்கள் எடுக்கின்றன. அவை சுழன்றுகொண்டே மேலும் கீழும் செல்வதால் சுவரெங்கும் குறுக்கும் நெடுக்குமான மெல்லிய கோடுகள் விழுகின்றன. கண்ணாடிபோல் பளபளக்கும் சுவரே சிறந்தது என்று நினைப்பது தவறு. எண்ணெய் தங்குவதற்கு அந்தக் கோடுகள் வேண்டும்.

அதன்பின் கழுவுதல். மண்ணெண்ணெய் மட்டும் போதாது. கல்லின் துகள்கள் கோடுகளுக்குள் ஒட்டியே நிற்கும். சுடுநீரும் சோப்பும் பிரஷும் கொண்டு, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை தேய்த்துக் கழுவி, துரு ஏறுமுன் உடனே எண்ணெய் பூசிவிட வேண்டும். டாங்கிக்குப் பொன் கோடு தீட்டவும் கைப்பிடிக்குக் குரோமியம் பூசவும் தாராளமாகச் செலவிடும் அன்பர்கள், இந்த அரை மணி நேர வேலையில் சிக்கனம் பிடிப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

பூட்டி முடித்து, முதல் உதையில் எஞ்சின் உயிர் பெற்ற பிறகும் அவசரம் கூடாது. வளையங்களும் சுவரும் ஒன்றோடொன்று பழகுவதற்குச் சில நூறு கிலோமீட்டர் வேண்டும். அதுவரை முழு வேகமும் கூடாது, ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டுவதும் கூடாது, மிக மெதுவாக நோகாமல் ஓட்டி வளையத்துக்கு அழுத்தமே கொடுக்காமல் விடுவதும் கூடாது. முதல் ஓட்டம் முடிந்து எஞ்சின் முற்றும் ஆறிய பின் ஹெட் நட்டுகளை மறுபடி முறுக்கி, பழைய எண்ணெயை வடித்துப் புதியது ஊற்றி, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதன் மூக்கு கரி படியாமல், எண்ணெய் நனையாமல், வறுத்த காப்பிக்கொட்டையின் இளநிறத்தில் இருந்தால், வண்டியை மறுநாள் இன்னும் சற்றுத் தூரம் கொண்டுபோகலாம்.