பகலில் கிராணி, மாலையில் சிப்பாய்

1900இல் போயர் யுத்தத்துக்காக ஸ்காட்லாந்து மலைநாட்டில் லோவட் பிரபு ஒரு தொண்டர் படை திரட்டினார். மான் வேட்டைக்குத் தடம் பார்த்துக் கொடுப்பவர்களே அதில் அதிகம். தொலைநோக்கிக் குழலை வைத்துக்கொண்டு எதிர்மலைச் சரிவில் மானைக் கண்டுபிடித்த அதே கண், தென்னாப்பிரிக்காவில் எதிரியை வேவு பார்த்தது. 'லோவட் ஸ்கவுட்ஸ்' என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

தொண்டர் படை என்றால் பொதுவாகச் சம்பளத்துக்கு முழுநேரம் பணியாற்றும் ராணுவம் இல்லை. தொழில் ஒன்று, பயிற்சி ஒன்று என இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

பிரிட்டிஷ் ஆட்சியில் மலாயாவின் பினாங்குத் தீவில் இருந்ததும் இதே ஏற்பாடுதான். அது காலாட்படை. 1922இல் சிங்கப்பூர், மலாக்கா, பினாங்குத் தொண்டர்கள் நீரிணைக் குடியேற்றத் தொண்டர் படையாக ஒன்றிணைந்தார்கள். பினாங்கு ஆட்களும் எதிர்க்கரையில் இருந்த புரோவின்ஸ் வெல்லஸ்லி ஆட்களும் அதன் மூன்றாம் பட்டாளம் ஆனார்கள். ஐரோப்பியர், யூரேசியர், சீனர், மலாய்க்காரர் எனத் தனித்தனிக் கம்பெனிகள். ஆபீஸ் முடிந்ததும் சீருடை மாட்டிக்கொண்டு கவாத்துக்குப் போனவர்கள் அவர்கள்.

இரண்டாம் உலகப் போர், 1941 டிசம்பர் 11. ஜப்பானிய விமானங்கள் வந்தபோது பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுன் மக்கள் ஓடி ஒளியவில்லை. வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்தார்கள். குண்டுகள் அந்தக் கூட்டத்தின் மேலேயே விழுந்தன. பல நூறு பேர் மாண்டார்கள். சில நாளில் ஐரோப்பியர்கள் தீவைவிட்டு ஏற்றி அனுப்பப்பட்டார்கள். ஆசிய மக்களுக்கு அந்த வழி திறக்கவில்லை. 16ஆம் தேதி இரவு காவற்படையும் கிளம்பியது. ஆசியத் தொண்டர்களிடம், வருகிறீர்களா, இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். பெரும்பாலோர் குடும்பத்தைக் காக்க இருந்துவிட்டார்கள்.

இதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. லோவட்டின் ஆட்கள் வீட்டைப் பத்திரமாக விட்டுவிட்டுக் கடல் தாண்டிப் போனார்கள். பினாங்குத் தொண்டனுக்கோ வீடு இருந்த தெருவே போர்க்களம். ஊரைக் காக்கத்தான் அவன் பெயர் கொடுத்தான். ஊரில் இருந்ததுதான் அந்த வாக்குக்குப் பொருந்திய முடிவு.

வெள்ளைக்கார நிர்வாகம் போன பிறகு பொறுப்பை ஏற்றவர் ஓர் இலங்கைத் தமிழர்: 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. எல்லா இனத்தாரையும் சேர்த்து ஒரு குழு அமைத்தார். கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றினார். ஊரில் காவற்படை இல்லை, குண்டு போட வேண்டாம் என்று வானொலியில் அறிவிக்க வைத்தார். 19ஆம் தேதி ஜப்பானியர் நுழைந்தார்கள்.

தொண்டர் படை வழக்கம் அந்தப் போரோடு முடியவில்லை. மலாயா விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1958இல், 'அஸ்கார் வத்தானியா' என்ற தொண்டர் ராணுவம் தொடங்கியது. வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சிக்கு வரும் மலேசியர்கள் இன்றும் அதில் சேர்கிறார்கள்.