ஹெராயினுக்குக் கிடைக்கும் அனுமதி

நான் லண்டனில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் இரும்பு அலமாரியில் டயமார்ஃபின் இருக்கிறது. ஹெராயினுக்கு மருத்துவ உலகில் அதுதான் பெயர். கடுமையான புற்றுநோய் வலிக்கும், சில இடங்களில் பிரசவ வலிக்கும் இந்த நாட்டு மருத்துவர்கள் அதை எழுதித் தருகிறார்கள். சீட்டைச் சரிபார்த்து, பதிவேட்டில் குறித்து, எண்ணிக் கொடுத்துவிடுவேன். ஆனால் சைலோசைபின் என்ற மருந்தை அதே அலமாரியில் வைக்க வேண்டுமானால் உள்துறை அமைச்சகத்தின் தனி உரிமம் வேண்டும்.

கொடைக்கானலில் போலீஸ் பிடிக்கும் போதைக் காளானில் இருக்கும் பொருள்தான் சைலோசைபின். அதுவும் எல்எஸ்டியும் சில மணி நேரத்துக்கு நம் பார்வையையும் நினைவோட்டத்தையும் அடியோடு மாற்றிவிடக்கூடியவை.

பிரிட்டனில் போதைப்பொருளுக்கு இரண்டு பட்டியல்கள் உண்டு. ஏ, பி, சி என்ற வகுப்புகள் தண்டனைக்கானவை. 1 முதல் 5 வரையுள்ள அட்டவணைகள் மருத்துவர்களும் மருந்தகங்களும் எதை எப்படிக் கையாளலாம் என்று சொல்பவை. ஹெராயினும் சைலோசைபினும் ஒரே ஏ வகுப்பு. அட்டவணையில்தான் பிரிகின்றன: ஹெராயின் இரண்டாவதில், சைலோசைபின் முதலாவதில். மருத்துவப் பயன் இல்லை என்று அரசு கருதுபவை முதல் அட்டவணையில் இருக்கின்றன. பயன் உண்டா என்று சோதிக்க வருபவரும் அந்த அட்டவணையின் கெடுபிடியைத் தாண்டித்தான் வர வேண்டும்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. எல்எஸ்டியின் விளைவை சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1943இல் கண்டறிந்தார். 1950களில் இங்கிலாந்தின் பவிக் மருத்துவமனையில் ரொனால்ட் சாண்டிசன் என்ற மனநல மருத்துவர் அதை நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்குக் கொடுத்தார். பிறகு மருந்து தெருவுக்குப் போனது, அரசுகள் அஞ்சின. தயாரித்த சாண்டோஸ் நிறுவனமே 1965இல் விநியோகத்தை நிறுத்தியது. 1971இல் வியன்னாவில் கையெழுத்தான ஐ.நா. ஒப்பந்தம் எல்எஸ்டிக்கும் சைலோசைபினுக்கும் உலகம் முழுவதும் கதவைச் சாத்தியது.

அஞ்சியதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பவிக்கில் சிகிச்சை பெற்றவர்களில் 43 பேருக்கு 2002இல் மொத்தம் 1,95,000 பவுண்டு இழப்பீடு தரப்பட்டது. அவர்கள் பட்ட துன்பம் உண்மை. அதனால்தான் ஒழுங்கான, கண்காணிப்புள்ள ஆய்வு வேண்டும் என்கிறேன்.

அப்படி ஓர் ஆய்வு நடக்கவும் செய்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டேவிட் நட், ராபின் கார்ஹார்ட்-ஹாரிஸ் குழுவினர், வழக்கமான மாத்திரைகளுக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 12 பேருக்கு உளவியல் துணையோடு சைலோசைபின் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்தும் 5 பேருக்கு நோய் அடங்கியே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு. இதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் 2016இல் வெளியான இந்த ஆய்வில், நிதி கிடைத்த நாளிலிருந்து முதல் நோயாளிக்கு மருந்து கொடுக்க 32 மாதங்கள் ஆயின.

செலவு இன்னொரு கொடுமை. கிங்ஸ் கல்லூரியின் மனநல மருத்துவர் ஜேம்ஸ் ரக்கர் 2015இல் எழுதிய கட்டுரையின்படி, சோதனைக்குத் தகுந்த தரத்தில் ஒரு கிராம் சைலோசைபினுக்குக் கேட்கப்பட்ட விலை ஒரு லட்சம் பவுண்டு. ஐம்பது முறை கொடுக்கத்தான் அது போதும். அப்போது முதல் அட்டவணை உரிமம் வைத்திருந்தவை நான்கே மருத்துவமனைகள்.

ஒரு மாத்திரை பலிக்காமல் அடுத்ததற்கு மாறி, அதுவும் பலிக்காமல் திரும்பி வருபவர்களை என் சன்னலுக்கு அப்பால் பார்க்கிறேன். அவர்களுக்கு இந்த மருந்து உதவும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. அமெரிக்காவில் எம்டிஎம்ஏ என்ற இன்னொரு போதைப்பொருளை மருந்தாக்கக் கேட்ட விண்ணப்பத்தை, ஆய்வுகள் போதவில்லை என்று, மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ 2024இல் திருப்பி அனுப்பியது. அதை நான் குறை சொல்லவில்லை. சோதித்துப் பார்த்து மறுப்பது ஒழுங்கான வழி. ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் சைலோசைபினை எழுதித்தர வழி செய்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் காளான் தேடிப் போக வேண்டாம். குடும்பத்தில் மனச்சிதைவு இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அரசிடம் நான் கேட்பது ஒன்றுதான்: சைலோசைபினை இரண்டாம் அட்டவணைக்கு மாற்றுங்கள். ஏ வகுப்புத் தண்டனை அப்படியே இருக்கட்டும். ஹெராயினைப் பூட்டிப் பாதுகாக்க எங்களை நம்புகிறவர்கள் இதற்கும் நம்பலாம்.