கடல் கடக்கும் பணம்
உண்டியல் முதல் இலக்கவியல் நாணயம் வரை

பழந்தமிழர் வகுத்த அகப்பொருள் இலக்கணத்துள் பொருள்வயிற் பிரிவு என்பது ஒன்று. பொருள் தேடத் தலைவன் பாலை வழியே செல்வான். அவன் குறித்துச் சென்ற பருவத்தை எண்ணித் தலைவி ஆற்றியிருப்பாள். அங்கே பொருளின் வரவும் தலைவனின் வரவும் ஒன்றேயாகும். மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழர் வாழ்விலோ இவ்விரண்டும் பிரிந்தன. பணம் முன்னே ஊர் சென்றது. ஆள் பின்னே சென்றான். பலர் செல்லவே இல்லை. ஆதலின், தான் போகாமல் தன் பணத்தை மட்டும் கடல் கடத்துவது எங்ஙனம் என்பது நம் முன்னோர்க்குப் பெரும் கவலையாயிற்று.

அக்கவலை இன்று வேறு மக்களுடையதாகியுள்ளது. பத்தாங் காலி முதல் கோல சிலாங்கூர் வரை ரப்பர் மரம் நின்ற நிலங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கின்றது. வங்காளதேசம், இந்தோனேசியா, நேபாளம், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் அங்கே குலை வெட்டுகின்றனர். சம்பளம் வந்ததும் அவர்கள் நினைவு ஊருக்கே செல்கின்றது. ‘இலக்கவியல் நாணயத்தில் அனுப்பினால் செலவே இல்லை’ என்னும் விளம்பரமும் அவர்கள் கைப்பேசிக்கே வந்து சேர்கின்றது. இக்கூற்றில் உண்மை எவ்வளவு, பொய் எவ்வளவு என்பதை ஆராய்வோம்.

உண்டியலும் அஞ்சலும்

மலாயாவில் கொடுக்கல் வாங்கல் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தார் உண்டியல் முறையைக் கையாண்டனர். இங்குள்ள கடையில் ஒருவர் பணம் கட்டுவார். செட்டிநாட்டுக் கடை அத்தொகையை உரியவர்க்கு வழங்கும். பணம் கப்பலேறுவதில்லை. இரண்டு பேரேடுகளில் இரண்டு பற்றுவரவுகள் எழுதப்படும், அவ்வளவே. ஓலை கொண்டு சென்றவனை அல்லாமல், ஓலை எழுதியவரின் நாணயத்தையே உலகம் நம்பியது. பணத்திற்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்ற ஒரே சொல் தமிழில் வழங்குவது ஈண்டு நினைக்கத்தக்கது.

தோட்டத் தொழிலாளிக்குப் பெரிதும் கைகொடுத்தது மணியார்டர். எழுதத் தெரியாதவர்க்கு எழுதத் தெரிந்தவர் தாளை நிரப்பிக் கொடுப்பார். அனுப்புபவர் கைந்நாட்டு வைப்பார். ஊரில் தபால்காரர் வீடு தேடிச் சென்று கொடுப்பார். 1937ஆம் ஆண்டு மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறக்கப்பெற்ற அவ்வங்கி, அடுத்துப் பினாங்கிலும் கிளை கண்டது. வெளிநாட்டுத் தமிழர் பணம் செல்லும் தடத்தை அவ்வூர்ப் பெயர்களே காட்டும்.

அந்நாளில் இன்னொரு வசதியும் இருந்தது. 1906 முதல் ஒரு மலாயா வெள்ளிக்கு இங்கிலாந்தின் 2 ஷில்லிங் 4 பென்ஸ் நிகர். 1927 முதல் ஓர் இந்திய ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் நிகர். அஃதாவது முறையே 28 பென்ஸ், 18 பென்ஸ். ஆகவே 9 வெள்ளிக்கு 14 ரூபாய் என்பது கணக்கு. இன்று அனுப்பினாலும் அடுத்த மாதம் அனுப்பினாலும் ஊருக்குச் சேரும் தொகை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். இரண்டு நாணயங்களும் ஸ்டெர்லிங் என்னும் ஒரே முளையில் கட்டப்பட்டிருந்தமையே இதன் காரணம். மேலும், வெளியிட்ட வெள்ளித் தாளுக்கு ஈடாக நாணய ஆணையர்கள் ஸ்டெர்லிங் சொத்துகளைச் சேமித்து வைத்திருந்தனர். 1966 ஜூன் 6ஆம் நாள் இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது இப்பழைய கணக்கு மாறியது.

வாழைமரத் தாள் கற்பித்த பாடம்

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி நடந்தது. இந்தியாவுடன் அஞ்சல் தொடர்பு அறுந்தது. ஊரிலுள்ள குடும்பங்கள் பணவரவின்றித் தவித்தன. மலாயாவிலோ ஜப்பானியர் அச்சிட்ட தாள்கள் பெருகின. பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருந்ததால் மக்கள் அதனை ‘வாழைமர நோட்டு’ என்றனர். பிற்பட்ட தாள்களில் வரிசை எண்கூட இல்லை. எத்தனை அச்சிடப்பட்டன என்று பார்ப்பவர் அறிய வழியில்லாத தாளுக்கு மதிப்பு எங்கிருந்து வரும்? 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் அவை வெறுங் காகிதமாயின. மறைத்து வைக்கப்பட்டிருந்த பழைய மலாயாத் தாள்களே மீண்டும் செல்லுபடியாயின. வாழைமரத் தாளிலேயே கூலியைச் சேர்த்து வைத்தவர் உழைப்பெல்லாம் ஒரே நாளில் மறைந்தது.

இதிலிருந்து கிடைக்கும் உரைகல் ஒன்றே: இந்தத் தாளின் பின்னால் நிற்பது யாது? இலக்கவியல் நாணயத்தையும் இவ்வுரைகல்லில் உரைத்தே பார்த்தல் வேண்டும்.

பேரேடு பலவாகும் விந்தை

2008 அக்டோபர் 31ஆம் நாள் சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒரு கட்டுரை வெளிவந்தது. அப்பெயருக்குரியவர் யாரென்பது இன்றும் ஐயமற நிறுவப்படவில்லை. 2009 ஜனவரியில் பிட்காயின் என்னும் நாணயம் இயங்கத் தொடங்கியது.

செட்டியார் கடையில் ஒரு பேரேடு இருந்தது. அதனை ஒருவர் காத்தார். பிட்காயினில் அதே பேரேட்டின் படிகள் உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் உள்ளன. ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு புதிய ஏடு சேரும். ஒவ்வோர் ஏடும் தனக்கு முந்திய ஏட்டின் முத்திரையைத் தாங்கியிருக்கும். ஆதலின் பழைய ஏட்டில் ஓர் எழுத்தை மாற்றினாலும் பின்னுள்ள முத்திரைகள் பொருந்தாமற் போகும், திருட்டு வெளிப்படும். ஒருவரை நம்புவதற்கு மாறாகக் கணக்கின் கட்டுக்கோப்பை நம்பும் முறை இது. இந்நாணயம் 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் பெருகாதெனவும் வரம்பிடப்பட்டுள்ளது. வாழைமரத் தாளுக்கு இல்லாத ஒழுங்கு இது என்பதை மறுத்தற்கில்லை.

ஆயினும், அளவு வரம்புபட்டது என்பதால் மதிப்பு நிலைபெற்றது என்றாகாது. 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் 69,000 அமெரிக்க டாலரை நெருங்கியது. ஓராண்டு கழித்து ஏறத்தாழ 16,000 டாலராயிற்று. மகளின் பள்ளிக் கட்டணத்துக்கென அனுப்பிய பணம் நாற்பகுதியில் ஒரு பகுதியாகச் சுருங்குமாயின், அது விரைந்து சேர்ந்ததால் பயன் என்ன?

நிலைநாணயம்

இக்குறையைப் போக்க ‘நிலைநாணயம்’ எனத்தக்க ஒரு வகை தோன்றியது. ஒவ்வொன்றும் ஒரு டாலருக்கு நிகர் என்று வெளியிடுவோர் உறுதி கூறுவர். பழைய வெள்ளி ஸ்டெர்லிங்கில் கட்டப்பட்டிருந்தது போன்றதே இதுவும். இங்கேயும் பின்னால் நிற்பது யாது என்பதே வினா.

2022 மே மாதத்தில் டெர்ரா யுஎஸ்டி என்ற நாணயம் சில நாள்களில் 20 சென்ட்டுக்கும் கீழே வீழ்ந்தது. அதற்கு அடித்தளமாக இருந்தது ரொக்கமன்று. லூனா என்னும் மற்றொரு நாணயமே. ஒன்று சரிந்ததும் மற்றதும் சரிந்தது. 2023 மார்ச்சில் யுஎஸ்டிசி என்ற நாணயமும் 90 சென்ட்டுக்குக் கீழே இறங்கியது. அதன் கையிருப்பில் ஒரு பகுதி, முறிந்துபோன சிலிக்கான் வேலி வங்கியில் இருந்தது. வைப்புத்தொகைகளுக்கு அமெரிக்க அரசு பொறுப்பேற்றதும் அது மீண்டும் நிமிர்ந்தது. முன்னதன் பின்னால் வெறுஞ்சொல். பின்னதன் பின்னால் சொத்து. இரண்டும் ‘ஒரு டாலர்’ என்ற ஒரே பெயரோடு உலவின என்பதே எச்சரிக்கை.

செலவு எங்கே ஒளிந்துள்ளது?

உலகளவில் 200 டாலர் அனுப்பச் சராசரியாக ஆறு விழுக்காட்டுக்கு மேல் செலவாகிறது என உலக வங்கி கணக்கிடுகின்றது. 2030ஆம் ஆண்டுக்குள் இதனை மூன்று விழுக்காட்டுக்கும் கீழே கொணர்தல் ஐக்கிய நாடுகளின் குறிக்கோள். வகுப்பறைக் கணக்காக ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். எண்கள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை.

ஒருவர் 1,000 வெள்ளி அனுப்புகிறார். சந்தையில் ஒரு வெள்ளிக்கு 20 ரூபாய். பணம் அனுப்பும் கடை 10 வெள்ளி கட்டணம் எடுத்து, மீதிக்கு வெள்ளிக்கு 19 ரூபாய் 60 காசு தருகின்றது. ஊருக்குச் சேர்வது 19,404 ரூபாய். குறைந்தது 596 ரூபாய். ஏறத்தாழ 30 வெள்ளி. இரசீதில் தெரிந்தது 10 வெள்ளியே. மற்ற 20 வெள்ளி மாற்று விலைக்குள் மறைந்திருந்தது.

அதே பணம் நிலைநாணயமாகச் செல்வதாகக் கொள்வோம். வாங்கும்போது ஒரு விழுக்காடு. அனுப்ப 5 வெள்ளி. ஊரில் விற்கும்போது ஒரு விழுக்காடு. மாற்று விலையில் எதுவும் கழியாதெனக் கொண்டால் சேர்வது 19,503 ரூபாய். மிச்சம் 99 ரூபாய். இந்தியச் சட்டப்படி விற்பனையில் ஒரு விழுக்காடு பிடித்தம் செய்யப்படுமாயின் 197 ரூபாய் போய்விடும், மிச்சம் நட்டமாகும். அப்பிடித்தத்தை வரிக்கணக்குக் காட்டிப் பின்னர் ஈடுசெய்யலாம். ஆனால் கிராமத்துத் தாய் தந்தையர் எத்தனை பேருக்கு அது இயலும்? கடல் கடப்பது மலிவாயிற்று, கரையேறுவது மலிவாகவில்லை. ‘செலவே இல்லை’ என்னும் விளம்பரம் நடுவழியை மட்டும் பேசுகின்றது.

சட்டத்தின் நிலை

மலேசியாவில் இவை சட்டபூர்வ நாணயமல்ல. 2019 ஜனவரி முதல் பத்திர ஆணையத்தின் கண்காணிப்புக்கு உட்பட்ட சந்தைகளில் இவற்றை வாங்கி விற்கலாம். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் தொழில் நடத்த, 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி பேங்க் நெகாராவின் உரிமம் வேண்டும். இந்தியாவில் ரிசர்வ் வங்கி விதித்த தடையை 2020 மார்ச்சில் உச்சநீதிமன்றம் நீக்கியது. எனினும் 2022 ஏப்ரல் முதல் ஆதாயத்தின்மேல் 30 விழுக்காடு வரியுண்டு. முன்சொன்ன பிடித்தம் அவ்வாண்டு ஜூலையில் வந்தது. நேபாளம் இவற்றை முற்றாகத் தடுத்துள்ளது. இங்கிருந்து அனுப்புபவர்க்கு எளிய செயல், அங்கே பெறுபவரைக் குற்றவாளியாக்கவும் கூடும்.

மற்றொன்றும் உண்டு. மணியார்டர் தவறினால் இரசீதைக் காட்டி அஞ்சலகத்தில் முறையிடலாம். இலக்கவியல் நாணயத்தில் முகவரி தவறினால் திருப்பித் தருவார் இலர். மறைச்சாவியைத் தொலைத்தால் பணமும் தொலைந்தது. அதனைப் பிறரிடம் சொன்னாலும் அதே முடிவுதான்.

அரசுகள் காணும் வழி

நடுவண் வங்கிகளும் வாளாவிருக்கவில்லை. இந்திய ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1 அன்று பொதுமக்களுக்கான மின் ரூபாயைச் சோதனையாக வெளியிட்டது. இதன் பின்னால் நிற்பது நடுவண் வங்கியே. டன்பார் என்னும் திட்டத்தில் மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகியவற்றின் நடுவண் வங்கிகள், தம் இலக்கவியல் நாணயங்களை ஒரே மேடையில் மாற்றிக்கொள்ள இயலுமா என ஆராய்ந்து, 2022இல் முடிவை வெளியிட்டன. தொழில்நுட்பம் கைகூடும், ஒருவர் மேடையில் மற்றவர் ஆட்சி எவ்வளவு என்பதே தீர்க்க வேண்டிய சிக்கல் என்பது அதனால் விளங்கிற்று.

புதிய நாணயம் இல்லாமலும் வழியுண்டு. 2023 பிப்ரவரி 21 அன்று சிங்கப்பூரின் பேநவ் முறையும் இந்தியாவின் யுபிஐ முறையும் இணைக்கப்பட்டன. கைப்பேசி எண்ணைக் கொண்டே ஒருவர் மற்றவர்க்கு அனுப்பலாம். தொடக்கத்தில் நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரம்பு. இவ்வாறே பல நாடுகளை ஒருங்கே இணைக்கும் நெக்சஸ் திட்டத்தில் மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, பிலிப்பீன்ஸ் ஆகியவற்றோடு இந்தியாவும் சேர 2024 ஜூன் 30 அன்று ஒப்பந்தமாயிற்று. இரண்டு பேரேடுகளில் இரண்டு பற்றுவரவு என்னும் பழைய உண்டியல் முறையே இங்கு மின்விரைவில் நிகழ்கின்றது எனலாம்.

ஆசிரியர் செய்யத்தக்கது

அன்று கடிதம் எழுதவும் மணியார்டர்த் தாளை நிரப்பவும் தோட்டத்து மக்கள் படித்தவரை நாடினர். இன்று கைப்பேசி எல்லார் கையிலும் உண்டு. ஆனால் அதில் வருவதைப் பகுத்தறியும் கல்வி எல்லாரிடமும் இல்லை. விழுக்காட்டுக் கணக்கைக் கற்பிக்கும் ஆசிரியர், மேற்காட்டிய ஆயிரம் வெள்ளிக் கணக்கையே வகுப்பில் போட்டுக் காட்டலாம். கட்டணம் எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், கையில் சேர்வது எவ்வளவு என்று கேட்கும் பழக்கத்தை மாணவர்க்கு ஊட்டலாம். பின்னால் நிற்பது யார், தவறினால் எங்கே முறையிடுவது, பெறும் நாட்டுச் சட்டம் என்ன என்னும் மூன்று வினாக்களையும் உடன் சேர்க்கலாம். இவற்றுக்கு விடை கிடைக்கும் வழி எதுவாயினும் அதில் அனுப்புக. விடை கிடையாத வழி எவ்வளவு மலிவாயினும் விலகுக. வாழைமரத் தாளில் தம் உழைப்பை இழந்தோரின் வழிவந்தவர்கள் இதனை மறத்தலாகாது.