பிள்ளையை யாரிடம் கூட்டிப்போவது?

நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன் பதினொன்றாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று படுத்துக்கொள்கிறான். பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் போன். என்னப்பா என்று கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்பதுதான் பதில். சீர்காழிப் பக்கம் இப்படி ஒரு வீட்டில் அடுத்து என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். தாய்மாமன் வந்து உட்கார்ந்து புத்தி சொல்வார். வைத்தீஸ்வரன்கோயிலில் ஓர் அர்ச்சனை நடக்கும். சில வீடுகளில் நாடி ஓலையும் பார்த்துவிடுவார்கள். பிறகு யாராவது, 'கவுன்சலிங்குக்குக் கூட்டிப்போங்களேன்' என்பார்கள். எங்கே கூட்டிப்போவது என்ற இடத்தில் பேச்சு நின்றுவிடும். நாம் அந்த இடத்திலிருந்து தொடங்குவோம். டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், அவசரமில்லை.

இடம் தெரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. இந்த உதவிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே கட்டடமோ ஒரே பெயர்ப்பலகையோ கிடையாது. மனநல மருத்துவர் சுகாதாரத் துறையில் இருக்கிறார். குழந்தைகள் பாதுகாப்பு சமூக நலத் துறையின் வேலை. பள்ளிக்கூடத்துப் பிரச்சினை கல்வித் துறைக்கு, இலவச வக்கீல் நீதிமன்ற வளாகத்தில். போதாக்குறைக்கு மாவட்டமும் மாறிவிட்டது. 2020 டிசம்பர் 28 முதல் நாம் மயிலாடுதுறை மாவட்டம். ஆனாலும் 'அதுக்கு நாகப்பட்டினந்தான் போகணும்' என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைத் தேடி இப்போது அவ்வளவு தூரம் போகவேண்டாம். சுமார் 20 கிலோமீட்டரில் மயிலாடுதுறையில் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தாலே போதும்.

முதலில் மருத்துவமனையைப் பார்ப்போம். மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று 1996-லிருந்து நாட்டில் இருக்கிறது. பெரிய ஊரில் உட்கார்ந்திருக்கும் மனநல மருத்துவரை வட்டார மருத்துவமனைகளுக்கு வரவழைப்பதுதான் அதன் நோக்கம். கடைமடைக்காரர்களான நமக்கு இது எளிதில் புரியும். மேட்டூர் அணை திறந்த அன்றைக்கே நம் வாய்க்காலில் தண்ணீர் வராது; வந்தாலும் தட்டுப்பாட்டுக் காலத்தில் முறை வைத்துத்தான் பாயும். நம் முறை எந்த நாள் என்று கேட்டு வைத்துக்கொண்டு மடையைத் திறப்போம் அல்லவா? மனநல மருத்துவர் வருவதும் பொதுவாக அப்படி முறை வைத்துத்தான். முறையில்லாத நாளில் போய், 'டாக்டர் இல்லைன்னுட்டாங்க' என்று திரும்பி வந்தவர்கள் பலர்.

ஆகவே அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் நோயை விவரிக்கவே வேண்டாம். 'மனநல டாக்டர் எந்தக் கிழமை வருவாரு, எத்தனை மணிக்கு?' என்று மட்டும் கேட்டால் போதும். வளரிளம் பருவத்தினருக்கு ஆலோசகர் இருக்கிறாரா என்பதையும் கூடவே கேளுங்கள். 10 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளுக்கென்றே 2014-ல் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. நாள் தள்ளிப்போனால் கொள்ளிடத்தைத் தாண்டிச் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அது இப்போது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி. மருத்துவக் கல்லூரி என்றால் மனநலப் பிரிவு இருக்கும்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்குத் தொலைபேசி இருக்கிறது. 14416 என்ற எண் டெலி மானஸ் என்னும் தேசிய சேவையுடையது. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கினார்கள். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம், கட்டணமில்லை. முதலில் பேசுபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். விஷயம் பெரிதென்று பட்டால் அவரே மருத்துவரிடம் இணைப்பார். நேரில் போகவேண்டுமென்றால் பக்கத்தில் எங்கே என்றும் சொல்வார். அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் இப்படிப் பேசலாம். பரீட்சை முடிவு வரும் நாட்களில் அதில் மாணவர்களுக்கென்றே ஆலோசகர்கள் இருப்பார்கள்.

இனி, கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும் ஒரு தவறான எண்ணத்துக்கு வருவோம். இதில் கொஞ்சம் தங்கத்தான் வேண்டும். மாமா சொல்லிக் கேட்காத பையனுக்கு, படித்த ஒருவர் இன்னும் நயமாகப் புத்தி சொல்லும் இடம்தான் கவுன்சலிங் என்று நாம் நினைக்கிறோம். அதனால்தான் அறைக்குள் நுழைந்ததும் அம்மா, 'நீங்களாவது இவனுக்கு எடுத்துச் சொல்லுங்க சார்' என்று தொடங்குகிறார். அந்த ஒரு வார்த்தையில் பையனுக்கு இவரும் இன்னொரு மாமாவாகிவிடுகிறார். வாயை இறுக மூடிக்கொள்கிறான். அரைமணி நேரம் கழித்து வெளியே வரும் குடும்பம், 'சும்மா கேள்விதான் கேட்டாரு, ஒண்ணும் சொல்லல' என்று சலித்துக்கொண்டு பஸ் ஏறுகிறது. உண்மையில் அந்தக் கேள்விகள்தான் வேலையே. தூக்கம் எப்போது கெட்டது? அதற்கு முன் என்ன நடந்தது? வகுப்பில் யாரோடு உட்காருவாய்? மற்றவர்கள் பதிலையே கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தபோது, இவர் ஒருவர்தான் பையனை அவன் கதையைச் சொல்ல விட்டவர்.

வெறுமனே கேட்பதால் என்ன ஆகும் என்று தோன்றலாம். நம் கடற்கரையே அதைப் பார்த்திருக்கிறது. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்தபோது நாம் நாகை மாவட்டத்தில் இருந்தோம். அந்த ஒரு மாவட்டத்தில் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அத்தனை குடும்பங்களுக்கும் மருத்துவர்களை எங்கிருந்து கொண்டுவருவது? பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் வந்து ஊர்களில் வேலை செய்யக்கூடிய சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் முக்கியமானவை, பேசவிட்டுக் கொட்டித் தீர்க்க வைப்பது, குறுக்கிடாமல் கவனித்துக் கேட்பது, உடன் இருப்பது. 'அழாதே, மறந்துடு' என்பது அதில் இல்லை. வழிபாட்டில் ஆறுதல் தேடுவதற்கும் அங்கே இடமிருந்தது. எனவே வைத்தீஸ்வரன்கோயில் அர்ச்சனையை விட்டுவிட்டுத்தான் ஆலோசகரிடம் போகவேண்டும் என்று யாரும் பயப்பட வேண்டாம்.

கேட்கத் தொடங்கினால் இன்னொன்றும் தெரியவரும்: சிக்கல் முழுவதும் பிள்ளைக்குள்ளேயே இருப்பதில்லை. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். சம்பா பயிர் மூழ்கினால் நகை அடகுக்குப் போகும். அப்பாவுக்குக் கோபம் ஏறும், சில வீடுகளில் குடி ஏறும், ராத்திரிச் சண்டை சுவருக்கு அந்தப்புறம் படுத்திருக்கும் பிள்ளைக்குக் கேட்கும். காலையில் அவனுக்கு வயிற்றுவலி. 'ஸ்கூலுக்கு டிமிக்கி குடுக்குறான்' என்கிறோம். ஆலோசகர் அப்பாவையும் ஒருநாள் வரச்சொன்னால் அது குற்றம் சாட்டுவதற்காக இல்லை. அந்த வயிற்றுவலியின் இன்னொரு நுனி அவரிடம் இருக்கிறது.

'அவன் என்ன சொன்னான்?' என்று கேட்கப் பெற்றோருக்கு நா துடிக்கும். எல்லாவற்றையும் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை ஓர் உரிமையாகவே வைத்திருக்கிறது. ஊருக்குத் தெரிந்துவிடுமோ, நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வந்துவிடுமோ என்ற அச்சத்துக்கும் அதுவே பதில். ஆனால் எல்லையும் உண்டு, அதையும் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் ஆலோசகர் வீட்டாரிடம் சொல்லியாக வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே பாலியல் துன்புறுத்தல் நடந்திருந்தால் 2012-ன் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆகவேண்டும். தற்கொலைக்கு முயன்ற பிள்ளையை, போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று வீட்டில் வைத்து மறைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், உடனே 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கடும் மன அழுத்தத்தில் செய்தது என்று எடுத்துக்கொண்டு பராமரிக்கத்தான் 2017 சட்டம் சொல்கிறது.

மற்ற கதவுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு அடி, வேலைக்கு அனுப்புதல், சிறுவயதுத் திருமணம் என்றால் 1098. பிள்ளையே கூப்பிடலாம்; 1996-ல் மும்பையில் தொடங்கிய சேவை அது. வீட்டில் பெண்ணுக்கு வன்முறை என்றால் 181. குடியை, போதையை விட உதவி வேண்டுமென்றால் 14446. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். வட்டச் சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம், அல்லது 15100. எந்த எண் என்று குழம்பினால் எதையாவது ஒன்றைக் கூப்பிடுங்கள். தவறான கதவைத் தட்டினாலும் சரியான கதவை அவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பையன் வரவே மாட்டேன் என்றால்? இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. அவனை இழுத்துப்போக வேண்டாம், நீங்கள் போங்கள். 14416-க்குப் பெற்றோரே பேசலாம், மருத்துவமனையிலும் முதல்முறை அம்மா மட்டும் போய் உட்கார்ந்து பேசலாம். அவனோடு எப்படிப் பேசுவது, எதை நிறுத்துவது, எந்த அறிகுறியைக் கண்டால் தாமதிக்கக்கூடாது என்று அவர்கள் சொல்வார்கள். வீட்டுக்கு வந்து, 'உனக்காக இல்லப்பா, எனக்கு ராத்திரி தூக்கம் வரல, அதான் போய்ப் பேசிட்டு வந்தேன்' என்று சொல்லுங்கள். அடுத்த முறை கூட வருகிறாயா என்று அப்போது கேட்டுப் பாருங்கள்.