காற்றுக்குப் பயந்து கதவை மூடலாமா?

சீனி வருத்தம் என்று கிளினிக்குக்குப் போனாலும் சரி, பிரஷர் என்று போனாலும் சரி, மருந்துத் துண்டைக் கையில் தரும்போது வைத்தியர் தவறாமல் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: "ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடவுங்கள்." நீங்களும் தலையாட்டிவிட்டு வந்திருப்பீர்கள். உங்களில் சிலர் ஒரு கிழமை நடந்துவிட்டு நிறுத்தியிருப்பீர்கள். இன்னும் சிலர் அடுத்த வீட்டு ராத்தாவையோ மாமியையோ துணைக்குக் கூட்டிக்கொண்டு, அதை ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொண்டிருப்பீர்கள்.

அந்தப் பழக்கம் எளிதில் வந்ததல்ல. "இந்த நேரத்தில் எங்கே போகிறாய்?" "வீட்டு வேலை செய்வதே பெரிய உடற்பயிற்சிதானே?" என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லித்தான் ஒரு குடும்பப் பெண் அந்த அரை மணித்தியாலத்தைப் பெறுகிறாள். பிள்ளை, கணவன், அடுப்பு, மாமியாரின் மருந்து என்று ஓடும் நாளில் அவளுக்கென்று மிஞ்சுவது பல வேளை அது ஒன்றுதான். நடந்து போகும் பெண்களைக் கவனித்துப் பாருங்கள். கால் நடப்பது கொஞ்சம், வாய் நடப்பது அதிகம். அதில் தவறொன்றுமில்லை. மனதில் கிடந்த பாரம் பாதி அந்த வழியிலேயே இறங்கிவிடுகிறது.

அந்த நடைக்கு இப்போது புதிதாக ஒரு தடை வந்திருக்கிறது. அது காற்று.

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை நினைத்துப் பாருங்கள். 8ஆம் திகதி கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வேறு பல நகரங்களிலும் வானம் புகை மூடியதுபோல் மங்கிக் கிடந்தது. வங்கக் கடலில் மண்டூஸ் புயல் சுழன்றுகொண்டிருந்தது. அதன் போக்கோடு சேர்ந்து இந்தியாவின் பக்கமிருந்து வந்த மாசுபட்ட காற்று நமது தீவின் மேல் கவிந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை பாடசாலைகளுக்கு விடுமுறை வழங்கப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் கடுங்குளிர் தாங்காமல் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்ததும் அந்த நாட்களில்தான். மழைக்கும் வெள்ளத்துக்கும் பாடசாலை மூடியதை நாம் கண்டிருக்கிறோம். காற்றுக்காக மூடியது நம்மில் பலருக்கு அதுவே முதல் அனுபவம்.

புயல் போய்விட்டது, வானமும் தெளிந்துவிட்டது. ஆனால் பயம் மட்டும் போகவில்லை. "வெளியே போனால் நஞ்சு, வீட்டுக்குள் இருந்தால் பாதுகாப்பு" என்ற எண்ணம் பல வீடுகளில் தங்கிவிட்டது. பிள்ளைகளை விளையாட விடுவதில்லை, யன்னலைத் திறப்பதில்லை, நடையும் நின்றுபோயிற்று. இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி என்று சற்றுச் சிந்தித்துப் பார்ப்போம்.

முதலில், பயப்படுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. வாகனப் புகையிலும் விறகுப் புகையிலும் குப்பை எரிக்கும் புகையிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் இருக்கின்றன. ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் கிடைப்பது ஒரு மைக்ரோன். இத்துகள்களோ இரண்டரை மைக்ரோனும் அதற்குக் குறைவும். அதாவது ஒரு தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துத் தும்மலாகவும் சளியாகவும் வெளியேற்றிவிடும். இவை அந்தக் காவலுக்கெல்லாம் அகப்படாமல் நுரையீரலின் அடி வரை சென்று, அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கக்கூடியவை. ஒரு கனமீற்றர் காற்றில் இவை ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவித்தது. அதற்கு முன் அது வைத்திருந்த எல்லை 10. நமது நாட்டில் 2008இல் வகுக்கப்பட்ட எல்லை 25.

நெஞ்சு நோய், ஆஸ்துமா, மாரடைப்பு ஆகியவற்றுக்கும் இந்தத் துகள்களுக்கும் உள்ள தொடர்பு பலரும் அறிந்ததே. மனதுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றுதான் நீங்கள் கேட்பீர்கள்.

உடம்புக்குள் வேண்டாத ஒன்று புகுந்தால் உடம்பு அதனோடு போராடுகிறது. கால் புண்ணில் சிவந்து வீங்குகிறதே, அதைப்போன்ற ஓர் அழற்சி கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் ஏற்படுகிறது. அது நீடித்தால் மூளையையும் தொடுகிறது. 2020இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு, முதுமையில் ஞாபகம் அழியும் நோய்க்கான காரணிகளின் வரிசையில் மாசுபட்ட காற்றையும் சேர்த்துக்கொண்டது. பிரித்தானியாவில் சுமார் 3,90,000 பேரை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2023இல் வெளிவந்தது. மாசு கூடிய இடங்களில் வாழ்ந்தவர்களிடையே மனச்சோர்வும் மனப்பதற்றமும் கூடுதலாகக் காணப்பட்டன. சீனாவில் 144 நகரங்களில் மக்கள் இணையத்தில் எழுதிய 21 கோடிச் செய்திகளை வைத்துச் செய்த ஆய்வொன்று 2019இல் வந்தது. காற்று கெட்ட நாட்களில் அச்செய்திகளில் மகிழ்ச்சி குறைந்திருந்தது. பெண்களிடம் அந்தக் குறைவு ஆண்களைவிட அதிகமாகத் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு, "எனக்கு வரும் கோபத்துக்கெல்லாம் பஸ் புகைதான் காரணம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கடன், குடும்பப் பிரச்சினை, தூக்கமின்மை, வெளிநாட்டில் இருக்கும் கணவனின் தொலைபேசி வராத நாள் என்று மனதை வாட்டுவன ஏராளம். காற்று அவற்றோடு சேரும் ஒரு பாரம், அவ்வளவுதான்.

ஆனால் இங்கேதான் பலரும் கவனிக்காத விஷயம் இருக்கிறது. காற்று மனதைத் தாக்குவது ஒரு வழியால் அல்ல, இரண்டு வழிகளால். துகள் உள்ளே போவது ஒரு வழி. காற்றுக்குப் பயந்து நாம் வெளியே போகாமல் விடுவது மற்ற வழி. நடப்பதே மனச்சோர்வுக்கு ஒரு மருந்து. காலை வெளிச்சம் கண்ணில் படுவதால் உடம்பின் கடிகாரம் சீராகி இரவில் தூக்கம் வருகிறது. பாதையில் நாலு பேரைக் காண்கிறோம், சலாம் சொல்கிறோம், ஊர்ப் புதினம் கேட்கிறோம். கதவை மூடினால் இவையெல்லாம் ஒன்றாக நின்றுவிடுகின்றன.

வீட்டுக்குள் இருந்தால் காற்று சுத்தம் என்றாவது சொல்ல முடியுமா? 2012 குடிசன மதிப்பீட்டின்படி நமது நாட்டில் முக்கால்வாசிக்கும் மேற்பட்ட வீடுகளில் சமையல் விறகில்தான் நடந்தது. எரிவாயு அடுப்புக்கு மாறிய எத்தனையோ குடும்பங்கள் 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்று களைத்து மீண்டும் விறகைத் தேடின. புகைபோக்கி இல்லாத குசினியில் விறகு எரியும்போது, பிரதான வீதியோரத்தைவிடவும் அந்தக் குசினியின் காற்று கெட்டதாக இருக்கலாம். அடுப்படியில் நிற்பது யார்? இடுப்பில் பிள்ளையோடு நிற்பது யார்? நுளம்புச் சுருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவு நுண்துகளை வெளியிடுகிறது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. யன்னலை மூடிக்கொண்டு அதைக் கட்டிலுக்கடியில் வைத்துத் தூங்குகிறோம்! நுளம்பு வலை இருக்கச் சுருள் எதற்கு? சாம்பிராணிப் புகையும் புகைதான். போடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. யன்னலைத் திறந்துவிட்டு, கைக்குழந்தையும் இளைப்பு உள்ளவர்களும் இருக்கும் அறையைத் தவிர்த்துப் போடுங்கள்.

அப்படியானால் நடக்கலாமா?

நடக்கலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் இதைக் கணக்குப் போட்டே பார்த்தார்கள். ஒரு கனமீற்றரில் 22 மைக்ரோகிராம் நுண்துகள் உள்ள சாதாரண நகரத்தில், நாளொன்றுக்கு 16 மணித்தியாலம் நடந்தால்தான் நடையின் நன்மையைக் காற்றின் தீமை மிஞ்சத் தொடங்கும். 100 மைக்ரோகிராம் உள்ள மோசமான காற்றில்கூடப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் நடக்க வேண்டும். நாம் நடப்பதோ அரை மணித்தியாலம்! ஏற்கெனவே நெஞ்சு நோயோ இருதய நோயோ உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மற்றவர்கள் நடையை விடுவதற்குக் காற்றைக் காரணம் காட்ட இடமில்லை.

ஆனால் எங்கே நடக்கிறீர்கள் என்பது முக்கியம். லண்டனில் 60 வயதைத் தாண்டிய 119 பேரை ஒரு நாள் ஹைட் பார்க் பூங்காவிலும், இன்னொரு நாள் பஸ்களும் டாக்சிகளும் நிறைந்த ஒக்ஸ்போர்ட் வீதியிலும் இரண்டு மணித்தியாலம் நடக்க வைத்தார்கள். பூங்காவில் நடந்தபோது நுரையீரலும் இரத்தக் குழாய்களும் நன்றாக வேலை செய்தன. வீதியில் நடந்தபோது அந்த நன்மை வெகுவாகக் குறைந்துவிட்டது. நடந்தது அதே கால்கள்தான், நேரமும் அதேதான். பாதைதான் வேறு.

ஆகவே பிரதான வீதியை விட்டு உள்ளே போங்கள். வாகனப் புகை வீதியோரத்தில்தான் அடர்ந்திருக்கும். இருநூறு முந்நூறு மீற்றர் தள்ளிப் போனால் நன்றாகக் குறைந்துவிடும். வேகமாக நடக்கும்போது சும்மா இருப்பதைவிட மூன்று நான்கு மடங்கு காற்றை இழுக்கிறோம் என்பதையும் மறக்க வேண்டாம். கொள்கலன் லொறிகள் வரிசையாக நிற்கும் கிராண்ட்பாஸ் வீதியில் கை வீசி நடப்பதைவிட, உள்ளே ஓர் ஒழுங்கையை நாலு தரம் சுற்றி வருவது மேல். "ஒரே ஒழுங்கையைச் சுற்றினால் ஊர் சிரிக்கும்" என்பீர்கள். இரண்டு நாள் சிரிக்கும், மூன்றாம் நாள் இரண்டு பேர் உங்களோடு சேர்ந்துகொள்வார்கள்.

நேரத்தையும் பாருங்கள். சுபஹுத் தொழுகைக்குப் பின், பாடசாலை வான்கள் கிளம்புவதற்கு முன் உள்ள நேரம் பெரும்பாலான ஊர்களில் நல்லது. பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு ஏழரை மணிக்கு அதே வீதியால் நடந்து வருவதுதான் நம்மில் பலரும் செய்வது. நாளின் மிகக் கெட்ட காற்றை இழுக்கும் நேரம் அது. கரையோரத்தில் அஸருக்குப் பின் கடற்காற்று வீசும்போது நடக்கலாம், அலுவலகம் விடும் நெரிசலுக்கு முன் வீடு திரும்பிவிட வேண்டும். காலிமுகத்திடலோ, காத்தான்குடிக் கடற்கரையோ, புத்தளத்துக் களப்போரமோ, கிடைத்த இடத்தை விடாதீர்கள். மழை பெய்து ஓய்ந்த பிறகு காற்று கழுவிவிட்டதுபோல் இருக்கும்.

கண்டி வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. மலைகள் சூழ்ந்த கிண்ணத்துக்குள் உங்கள் நகரம் இருக்கிறது. குளிர்ந்த, காற்றசையாத காலை வேளைகளில் புகை மேலெழ வழியின்றித் தங்கிவிடும். கண்டியின் காற்றைப் பற்றிப் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒலிவர் இலேபெரும பல ஆண்டுகளாக எச்சரித்து வந்தார். அத்தகைய நாட்களில் வெயில் ஏறிய பிறகு நடப்பதே நல்லது. நுரைச்சோலைப் பக்கத்துச் சகோதரிகளின் நிலை வேறு. 2011இல் இயங்கத் தொடங்கிய நிலக்கரி மின் நிலையத்திலிருந்து பலத்த காற்று வீசும் மாதங்களில் சாம்பலும் கரித்தூளும் வீடு வரை வருகின்றன என்பது அவர்களின் நெடுநாள் முறைப்பாடு. அவர்களைப் பார்த்து "நேரம் பார்த்து நடவுங்கள்" என்று சொல்வது போதாது. அது அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டிய விஷயம்.

கெட்ட நாளில்

மேற்கிலும் தெற்கிலும் சோழகம் வீசும் மாதங்களில் காற்று பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். வாடைக் காற்றுக் காலத்தில், குறிப்பாக டிசம்பர் முதல் பெப்ரவரி வரை, கவனம் தேவை. காற்றின் தரத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அளந்து அறிவிக்கிறது. மகனிடமோ மகளிடமோ சொன்னால் கைத்தொலைபேசியில் பார்த்துச் சொல்வார்கள். சுட்டெண் 100ஐத் தாண்டினால் ஆஸ்துமா உள்ளவர்களும் இருதய நோயாளரும் கர்ப்பிணிகளும் வெளி நடையைக் குறைக்க வேண்டும். 150ஐத் தாண்டினால் எல்லோருமே அன்றைக்கு மட்டும் வீட்டுக்குள் நடக்கலாம். முகத்திரையோ முந்தானையோ பெரிய தூசியைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது. அதற்கு என்-95 வகை முகக்கவசம் முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும்.

இழுப்பு உள்ள பிள்ளைக்கு மருந்துக் குழலைப் பையில் வைக்காமல் விளையாட அனுப்பாதீர்கள். அதற்காகப் பிள்ளையை மாரிகாலம் முழுவதும் தொலைக்காட்சிக்கு முன் உட்கார வைத்துவிடவும் வேண்டாம். அன்றைக்கு மட்டும் தடுங்கள், மறுநாள் அனுப்புங்கள்.

இரண்டு கிழமைக்கு மேலாக எதிலும் விருப்பமில்லாமல், தூக்கமும் பசியும் குழம்பி, காரணமின்றி அழுகை வந்துகொண்டிருந்தால், அதைக் காற்றின் மீதும் போட வேண்டாம், வயதின் மீதும் போட வேண்டாம். சீனிக்கும் பிரஷருக்கும் போகும் அதே கிளினிக்கில் வாய் திறந்து சொல்லுங்கள். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.